விழுங்காத மிடறு

பிப்ரவரி 19, வியாழன்

நேற்று சாம்பல் புதன்; கோயிலில் நெற்றியில் சாம்பல் வாங்கும்போது நேர்ந்துகொண்டேன்: ஈஸ்டர்வரை ஒரு சொட்டு பீர்கூட என் தொண்டையில் இறங்காது. பேட்ரிக் குடியை விடவேண்டும், அதற்காக. பாரில் பீரைச் சுவைத்துச் சொல்வதுதான் என் வேலையே. புருஷனுக்காகப் பிழைப்பிலேயே கைவைத்திருக்கிறேன். அவரிடம் சொல்லவில்லை.

மார்ச் 3, செவ்வாய்

எங்கள் பாருக்கென்றே காய்ச்சிய கோல்டன் ஏல் பீர், பெல்ஜியப் பாணி. மாதிரி வந்தது. இளம்பொன் நிறம், கெட்டியான வெள்ளை நுரை, பேரிக்காய் வாசம், பின்னால் கொஞ்சம் மிளகு. பார்க்கச் சாது, ஆல்கஹால் எட்டரை சதவீதம்.

வாயில் சுழற்றி சிங்க்கில் துப்பினேன். வைன் என்றால் துப்பலாம். பீரின் கசப்பு தொண்டையில் இறங்கும்போதுதான் முழுசாகத் தெரியும். பதினோரு வருஷமாக எனக்கு இது தெரியும்.

"எப்படிலா, லினெட்? பாட்டில்ல போடச் சொல்லவா?" என்று கேட்டார் முதலாளி துளசி அக்கா.

"போடுங்கக்கா" என்றேன்.

மார்ச் 4

துப்பினதைச் சொல்லியிருக்கணுமோ?

மார்ச் 14, சனி

பேட்ரிக் மூன்று நாளாகக் குடிக்கவில்லை. மீன் குழம்பு நன்றாக இருக்கிறது என்றார். ஆண்டவரே, கேட்டுட்டீரா?

மார்ச் 17

நாலாவது நாளே ஆரம்பித்துவிட்டார். நான் விடமாட்டேன்.

மார்ச் 27, வெள்ளி

பாட்டில்கள் வந்தன. பழைய வாடிக்கையாளர் பெஞ்சமின் அண்ணனுக்குத்தான் முதல் கிளாஸ். ஒரு மடக்கு குடித்துவிட்டுக் கீழே வைத்தார். "வாய்ல நல்லாருக்கும்மா. உள்ள போனதும் மாத்திரைய மென்ன மாதிரி கசக்குது. தொண்ட எரியுது."

துளசி அக்கா என்னைப் பார்த்தார். நேர்ச்சையைச் சொன்னேன். துப்பியதையும்.

"எங்கிட்ட சொல்லிருந்தா நானே குடிச்சுப் பாத்திருப்பேனேலா. ஒன் நாக்க நம்பி எண்ணூறு பாட்டில் போட்டாச்சு."

அக்கா சொன்னது நியாயம்.

மார்ச் 30, திங்கள்

வேலை போயிற்று. திட்டியிருந்தால் தேவலை. விற்க முடியாததில் இரண்டு பெட்டியை, நான் வீட்டுக்குக் கூப்பிட்ட கிராப் காரில் அக்கா ஏற்றிவிட்டார். வீட்டில் இறக்கிவைத்தேன்.

ஏப்ரல் 5, ஈஸ்டர்

பூசை முடிந்து வந்தேன். ஆறு நாளில் ஒரு பெட்டி காலி. பேட்ரிக் ஐஸ் போட்டுக் குடித்துக்கொண்டிருந்தார். உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன் — நேர்ச்சை, துப்பினது, வேலை எதனால் போனது, யாருக்காக என்று.

"நானா ஒன்ன நேரச் சொன்னேன்?" என்றார். "இந்த பீருக்கு என்ன கொறச்சல்? நல்லாத்தானே இருக்கு."

பாவி மனுஷன். நாப்பது நாளு — யாருக்குடி பண்ணின, லினெட்?

ஒரு கிளாஸ் ஊற்றி நானும் விழுங்கினேன். முரட்டுக் கசப்பு, அடிநாக்கில் போய் உட்கார்ந்துகொண்டு போகவே மாட்டேன் என்கிறது. ஒரே மிடறில் கண்டுபிடித்திருப்பேன்.

ஏப்ரல் 11

என் கூடப்பிறந்த அன்னமேரி அக்கா வீட்டுக்கு வந்திருக்கிறேன். பினாங்கில், பாயான் பாரு. இரண்டு நாள் இருப்பேன் என்று சொல்லியிருக்கிறேன்.

ஏப்ரல் 20, திங்கள்

பக்கத்து எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் முதல் நாள். சர்க்யூட் போர்டு செக் பண்ணும் வேலை. கண் வலிக்கிறது.

மதிய இடைவேளையில் பேட்ரிக் போன் செய்தார். எப்போது வருகிறாய் என்று கேட்பார் என நினைத்தேன். "ரெண்டாவது பெட்டியும் முடிஞ்சிருச்சு. துளசிகிட்ட இன்னும் இருக்குமா, கேட்டுப் பாரேன்" என்றார்.

சாயந்திரம் வந்து அன்னமேரி அக்காவிடம் வாசல் சாவியில் எனக்கும் ஒன்று வெட்டித் தரச் சொன்னேன்.