நன்றாக நடித்ததற்குக் கைதட்டல்

என் வீட்டுக் கல்லூரிக்காரிக்கு,

பாடப்புத்தகத்துக்குள் வைத்தால்தான் நீ படிப்பாய் என்று இதை எழுதி அதில் செருகுகிறேன். சமூகப்பணிப் படிப்பு உனக்கு நன்றாகவே போகிறது. களப்பயிற்சிக்குப் போகும் முதியோர் இல்லத்தில் ஒரு பெரியவர் உன்னிடம் மட்டும்தான் வாய் திறக்கிறாராம். கொடுத்து வைத்தவர். நான் வாய் திறந்தால், "சீக்கிரம் சொல்லுங்க, அசைன்மென்ட் இருக்கு" என்கிறாய்.

போன மாதம் நேர்காணல் பயிற்சிக்கு என்னை உட்கார வைத்தாயே, நினைவிருக்கிறதா? மனைவி கண்டுகொள்ளாத கணவனாக நான் நடிக்க வேண்டும். நீ செல்போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "அப்போ உங்களுக்கு எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாய். கல்யாணமான பிறகு அன்றுதான் அப்படிக் கேட்டாய். நான் என்னென்னவோ சொன்னேன். குரல்கூடத் தழுதழுத்தது. நீ குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை.

முடிந்ததும் கைதட்டினாய். "அடேங்கப்பா! நிஜமாவே அழுதுடுவீங்களோன்னு பயந்துட்டேன். இவ்வளவு நல்லா நடிப்பீங்கன்னு தெரியாதே!"

நானும் அசடு வழியச் சிரித்துவைத்தேன்.

இப்போது அந்த வேஷத்தை உன் வகுப்புத் தாடிக்காரனுக்குக் கொடுத்திருக்கிறாய். நேற்று நம் கூடத்தில் அவன் வராத அழுகைக்கு மூக்கை உறிஞ்சினான். நீ உருகி உருகித் தலையாட்டினாய். இருவருக்கும் நான்தான் காபி போட்டேன். அவனுக்கு வேண்டுமென்றே சர்க்கரை போடவில்லை.

அவனுக்குக் குடிகாரன், திருடன் என்று வேறு எந்த வேஷம் வேண்டுமானாலும் கொடு. இதை மட்டும் கொடுக்காதே. அவனுக்கு நடிக்கத்தான் தெரியும்.

இப்படிக்கு,
அடுத்த அறையில் இருக்கும் உன் கணவன்