போக்கியத்துக்கு ஒரு வீடு

ஆடி, வெள்ளிக்கிழமை.

அடுத்த வருஷம் பவர்லூம் வேலையை விடுகிறேன். கூலி நின்றபின் வாடகைக்கு என்ன செய்வது என்பதுதான் கவலை.

சேர்த்த பணத்தில் மனை வாங்கலாம் என்று மகன் எங்கள் இருவரையும் ஆந்திர எல்லையில் ஸ்ரீ சிட்டி பக்கம் கூட்டிப்போனான். வழியில் மாம்பழம் பேரம் பேசியதே தனிக்கதை. முள்ளுக்காட்டில் நாலு கல் நட்டிருந்தார்கள், அதுதான் மனையாம்.

"வெல ஏறும் நைனா."

"அதுவரிக்கும் எங்கடா படுத்துக்கினு இருக்கறது, கல்லு மேலயா?" என்றாள் என் மனைவி.

திரும்பியதும் நாங்கள் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரம்மாவிடம் பேசினோம். அந்தப் பணத்தைப் போக்கியமாகக் கொடுத்தால் மூன்று வருஷம் வாடகை இல்லை. காலி செய்யும்போது முழுப்பணமும் திரும்ப வரும். சரி என்றுவிட்டேன்.

"இனிமே ஒண்ணாந்தேதி ஆனா நீ பின்னாடி வழியா ஓட வேணாம்யா" என்று மனைவி சிரிக்கிறாள். மூன்று வருஷம் முன்வாசலிலேயே போய் வரலாம்.