கிழவன் ஓட்டினால் கூடுதல் கட்டணமாம்

அன்பு மருமகள் குட்டிமாவுக்கு மாமா எழுதுவது. நானும் அத்தையும் நலம். கார் எங்களைவிட நலம். நலமில்லாதது இன்சூரன்ஸ் கம்பெனிக்காரன் புத்திதான்.

பாலிசி புதுப்பிக்கத் தாள் வந்திருக்கிறது. போன வருடத்தைப்போல ஒன்றரைப் பங்கு! நான் யாரையாவது இடித்தேனா? எழுபத்தைந்து வயது முடிந்ததுதான் குற்றமாம். எதிர்வீட்டுப் பல் டாக்டர் இந்த வருடமே இரண்டு முறை மின்கம்பத்தைக் கட்டிப்பிடித்தான். அவனுக்கு என்னைவிடக் குறைவு. வயிறு எரியாதா?

நான் பஸ் ஓட்டிய அழகு ஊருக்கே தெரியும். நிரம்பிய பால் குடத்தோடு ஏறினவர்கள் நிரம்பிய குடத்தோடுதான் இறங்கினார்கள். இரண்டு மந்திரிகள் சொந்தக் காரை விட்டுவிட்டு என் பஸ்ஸில் வந்ததுண்டு. ஒரு மந்திரிதான், அதுவும் கார் பழுதானதால் என்கிறாள் அத்தை. விடு.

உடனே போனைப் போட்டேன். எடுத்த பெண்ணுக்கு நேற்றுத்தான் பால்பல் விழுந்திருக்கும். நான் போட்ட சத்தத்தில் அந்த ஆபீசே எழுந்து நின்றிருக்கும். அவள் மட்டும் அசராமல், "வருஷத்துக்கு எவ்வளவு தூரம் ஓட்டுவீங்க ஐயா? ராத்திரியில ஓட்டுவீங்களா?" என்றாள். கிழவனுக்கு முடியாது என்ற நினைப்பில்தானே கேட்கிறாள்? விடுவேனா? "தினமும் இருநூறு கிலோமீட்டரும்மா. ராத்திரின்னா இன்னும் குஷி. மலைப்பாதையில ஒத்தைக் கையால ஓட்டுவேன்" என்றேன். "ரொம்ப சந்தோஷம் ஐயா" என்று எதையோ தட்டினாள். பிரீமியம் இன்னும் ஏறிவிட்டது!

அத்தை தலையில் அடித்துக்கொண்டாள். "நீங்க ஓட்டுறது டயாலிசிஸுக்கும் வீட்டுக்கும். அதுவும் பின்னாடி சைக்கிள்காரன் மணியடிக்கிற வேகத்துல. இதுல மலைப்பாதை ஒரு கேடா?" என்றாள்.

அவள் வாய்க்கு ஒரு குறைவும் இல்லை. ஆனால் வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரியிலிருந்து பிழிந்த துணி மாதிரிதான் வெளியே வருகிறாள். பின்சீட்டில் தலையணை போட்டுப் படுக்கவைத்து, பள்ளம் பார்த்து ஓட்டி வருவேன். ஒருமுறை வாடகைக் காரில் போனோம். வழியில் வாந்தி எடுத்துவிட்டாள். அந்த டிரைவர் சீட்டைப் பார்த்தானே தவிர அவளைப் பார்க்கவில்லை. "இனி இதுல ஏத்துறதா இருந்தா நான் ஆஸ்பத்திரிக்கே வரல" என்றாள். சொன்னால் செய்கிறவள், உனக்குத் தெரியும். மாதக் கடைசியோடு பாலிசி முடிகிறது. கேட்டதைக் கட்டினால் மருந்துக்கு இடிக்கிறது.

ஆகவே நீ கம்பெனிக்குப் பேசு. நம்பர் இந்தத் தாளின் பின்பக்கம் இருக்கிறது. உள்ளதை உள்ளபடி சொல்: ஆஸ்பத்திரி, வீடு, இருட்டுமுன் திரும்பிவிடுவார், மூன்றாவது கியரைத் தாண்டமாட்டார் என்று. எனக்கு அதைச் சொல்ல வாய் வரவில்லை. நேற்று சொல்லத்தான் போன் போட்டேன். அதே பெண், "மலைப்பாதை ஐயாவா?" என்று ஆசையாகக் கேட்டாள். வைத்துவிட்டேன்.

என் சம்மதம் வேண்டுமென்றால் என்னைக் கூப்பிடச் சொல். "ஆமாம்" என்ற ஒரு வார்த்தைக்கு மேல் பேசமாட்டேன். அத்தை பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள்.

நீ நூறு வயதிலும் கார் ஓட்ட வேண்டும். பின்சீட்டில் உன்னை நம்பித் தூங்க ஒருவர் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு துளி சிந்தாத உன் மாமா