உப்புத் தண்ணீரைக் கொட்டிய மச்சானுக்கு

மச்சான்,

இன்று காலை ரஹாங்கில் இருக்கும் எங்கள் வீட்டில், காய்ச்சி ஆறவைத்த தண்ணீரை நீ கொடுத்த நேத்திக் கெண்டியில் ஊற்றினேன். ஒரு மூக்கில் விட்டு மறு மூக்கில் வழியவிடும் அந்தக் கெண்டியை உன் தங்கை இன்னமும் “எங்கண்ணன் டீ பாட்” என்றுதான் சொல்கிறாள். சிரித்துக்கொண்டே சொன்னவள் சட்டென்று அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நீ பெடாஸ் பக்கத்து எஸ்டேட்டில் பாமாயில் மில்லில் பாய்லர் வேலை பார்த்தவன். யோகாவை முறையாகக் கற்ற பிறகும் உடம்பைப் பாய்லராகவே பார்த்தாய். “மீட்டர் பாக்காம வால்வு தொறக்கக் கூடாது மாப்ள” என்பாய். எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் பள்ளி விடுமுறையில் எஸ்டேட் லயத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு ஊற்றிய விளக்கெண்ணெய்தான். எத்தனை தடவை போனோம் என்று பெருமை பேசி வளர்ந்தவர்கள் நாங்கள். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரைக் குடித்து, ஆசனம் செய்து, குடலைக் கழுவும் சங்கப் பிரக்ஷாளனத்தை நீ கோயில் மண்டபத்தில் வைக்கிறாய் என்றதும் யார் அதிகம் குடிப்பது என்று பந்தயமே கட்டிவிட்டோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆறு பேர் வந்தோம். கிளாஸைத் தொடும் முன் நீ கேட்டாய்: “பிரஷர், அல்சர், குடலிறக்கம், கிட்னி, யாருக்காச்சும் இருக்கா? வெக்கப்படாம சொல்லுங்க லா.” நான்கு வருடமாகப் பிரஷர் மாத்திரை விழுங்கும் நான் வாயைத் திறக்கவில்லை. லாரி ஓட்டும் முனியாண்டியிடம் தோற்க எனக்கு மனமில்லை.

மூன்றாவது கிளாஸில் எனக்குத் தலை விண்ணென்று தெறித்தது. நீ என் முகத்தைப் பார்த்தாய். வெளியே போய்த் தங்கைக்கு போன் போட்டு என் மாத்திரை விஷயத்தைத் தெரிந்துகொண்டாய். திரும்பி வந்து அண்டாத் தண்ணீர் முழுவதையும் சாக்கடையில் கவிழ்த்தாய். “இன்னிக்கி யாருக்கும் கெடையாது” என்றாய்.

நீயே கிளினிக்குக்குக் கூட்டிப் போனாய். பிரஷர் பார்த்த நர்ஸ் டாக்டரை அழைக்க ஓடினாள். அப்போதும் எனக்கு உன் மேல்தான் கோபம். எல்லார் முன்னாலும் மானத்தை வாங்கிவிட்டாய் என்று மூன்று வாரம் உன்னோடு பேசவில்லை.

நீதான் கெண்டியோடு வந்தாய். ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. “டாக்டர்ட்ட கேளு. சரின்னா மூக்கு மட்டும். வயிறு ஒனக்கு வேணாம்.” குழாய்த் தண்ணீர் ஆகாது, காய்ச்சி ஆறவைத்ததுதான் வேண்டும் என்றாய். உப்பை அளந்து போட வைத்தாய். தலையைச் சாய்த்து, வாயால் மூச்சு விடச் சொன்னாய். முடிந்ததும் மூக்கைப் பலமாகச் சிந்தாமல், குனிந்து நின்று மெல்லக் காயவிட வேண்டும். செய்துகாட்டிப் பேர் வாங்க எத்தனையோ பேர் உண்டு மச்சான். கூட்டம் கூடிய பிறகு வேண்டாம் என்று நிறுத்தும் துணிச்சலை உன்னிடம்தான் பார்த்தேன்.

போன மழைக்காலத்தில் நீ எங்களை விட்டுப் போய்விட்டாய். உன்னிடம் மன்னிப்புக் கேட்காமலே இருந்துவிட்டேன்.

சென்ற ஞாயிறு அதே ஐந்து பேரும் என்னைச் சொல்லித்தரக் கூப்பிட்டார்கள். மூக்கு மட்டும்தான் என்றேன். பிறகு உன் கேள்வியைக் கேட்டேன். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். நான் கையைத் தூக்கினேன். “எனக்குப் பிரஷர் இருக்கு. அன்னிக்கி மச்சான்கிட்ட மறைச்சிட்டேன்.”

முனியாண்டியின் கை மெல்ல எழுந்தது.

“அல்சர் லா. அன்னிக்கே இருந்துச்சு.”

நீ காப்பாற்றியது என்னை மட்டும்தான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன், மச்சான்.