பனிக்குள் மூன்று பனைகள்

திருகோணமலை
14.01.1986

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

போன ஞாயிறு விடியப்புறம் நிலாவெளி வீதியில் நல்ல பனிமூட்டம். மூன்று பனைகளைப் படம் எடுத்தேன். கறுப்பையும் வெள்ளையையும் கடுமையாகப் பிரித்துக் காட்டும் தாளில் அச்சிட்டபோது, பனைகளுக்குப் பின்னால் ஒரு காவலரணும் என்னை நோக்கி நீட்டிய துவக்கும் தெரிந்தன. அந்த ஆமிக்காரன் சுடவில்லை, நானும் அப்போது அவனைப் பார்க்கவில்லை. அவ்வளவுதான்.

ஸ்ரூடியோ முதலாளி சோமசேகரம், "தம்பி, இதைக் கிழிச்சுப் போடும். மங்கலாக் காட்டுற தாளில அடியும்" என்றார். அடித்தேன். மரங்கள் மட்டுமே மிஞ்சின. அந்தப் படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன்.

இதைக் கொண்டு வரும் பேணாட் என்னோடு வேலை செய்பவர். அவசரப்படுகிறார், முடிக்கிறேன். அவர் திரும்பும்போது அப்பாவின் வெள்ளைச் சட்டைகளைக் கொடுத்துவிடுங்கள். என்னுடையவை எல்லாம் கடும் நிறம். பனிக்குள் தூரத்துக்கே தெரியும்.

மகன்,
கனகசுந்தரம்