வெட்டி எறிந்த கார்டில் முப்பத்தெட்டு வெள்ளி

மே 6, செவ்வாய்

புழுக்கம். மழை போக்குக் காட்டிவிட்டுக் கிள்ளானைத் தாண்டிப் போய்விட்டது.

வேலை நடுவில் வீட்டுக் கடன் அதிகாரி போன். ஷா ஆலம் ஃபேக்டரி, லோரி சத்தத்தில் பாதி காதில் விழவில்லை. "அங்கிள், உங்க பேர்ல மூனு மாச பாக்கி காட்டுது." எந்தப் பாக்கி? கார் கடன் ஒழுங்கு. கிரெடிட் கார்டு கடனை ஜனவரியிலேயே வேறு வங்கிக்கு மாற்றியாகிவிட்டது. ஒரு வருடத்துக்கு வட்டி இல்லை என்றார்கள், மாதாமாதம் கட்டுகிறேன்.

"பழைய கார்டு அங்கிள்."

பழைய கார்டா! அதைத்தான் வெட்டி எறிந்தேனே!

பதினான்கு வருடம் வாடகை வீடு. புது வீட்டுக்கு முன்பணம் கட்டிய ரசீதைக் கவிதா சாமி மேடையில் வைத்திருக்கிறாள். கடன் கிடைத்தது என்று இந்த மாதத்துக்குள் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும். அவளிடம் இன்னும் சொல்லவில்லை. பயம்தான்.

வாங்க: கேஸ், பூனைத் தீனி, பல்பு.

மே 7, புதன்

சாப்பாட்டு நேரம் முழுக்க ப.வ.வுக்குப் போன் (பழைய வங்கி. இனி இப்படித்தான், கை வலிக்கிறது). மலாய்க்கு ஒன்று, ஆங்கிலத்துக்கு இரண்டு. பாட்டு. பிறகும் பாட்டு. கடைசியில் ஒரு பெண், கார்டு நம்பரைச் சொல்லுங்கள் என்றாள்.

எங்கே போய்ச் சொல்ல? கடன் மாறிய அன்று கவிதா உப்பும் மிளகாயும் எடுத்து, வெட்டிய கார்டுத் துண்டுகளையும் சேர்த்து என் தலையைச் சுற்றி, முச்சந்தியில் போட்டுவிட்டு வந்தாள். "பீடை போச்சு. திரும்பிப் பாக்காம வாங்க." திரும்பிப் பார்க்கவில்லை. அதற்கப்புறம் வந்த ஸ்டேட்மென்டையும் பார்க்கவில்லை. போனிலிருந்து ப.வ. ஆப்பையே எடுத்துவிட்டேன். அன்று என்ன நிம்மதி! மடையன்.

கிளைக்கே போகச் சொன்னாள்.

மே 9, வெள்ளி

அரை நாள் லீவு. ப.வ., பிரிக்ஃபீல்ட்ஸ் கிளை. பார்க்கிங் தேடியே பாதி உயிர் போனது.

கவுன்டரில் ஒரு தமிழ் அக்கா. அடையாள அட்டையை வாங்கி ஐசி நம்பரைத் தட்டினாள். "சார், நீங்க மாத்துனது ஸ்டேட்மென்ட்ல இருந்த தொகைய மட்டும். பணம் இங்க வந்து சேர பத்து நாளாச்சு. அந்தப் பத்து நாளும் வட்டி ஓடிச்சு லா."

"எவ்ளோ?"

"முப்பத்தெட்டு வெள்ளி."

முப்பத்தெட்டு! அதற்குத் தாமதக் கட்டணம், கார்டு வரி, எல்லாவற்றுக்கும் வட்டி. இப்போது நூறைத் தாண்டியாச்சு.

"கார்ட மூடலையா சார்?"

"கடன் தீந்தா தானா மூடிக்கும்னு நெனச்சேன்."

"தானா மூடாது சார். நாங்க எத்தன வாட்டி போன் பண்ணிருக்கோம்!"

பண்ணியிருப்பார்கள். தெரியாத நம்பர் என்றாலே ஏமாற்றுக்காரன் என்று வெட்டிவிடுவேன். ஊரே அப்படித்தான் இருக்கிறது.

கட்டினேன். மூடினேன். கடிதம் வாங்கினேன். பாக்கி வைத்த ரெக்கார்டு? "அது ஒரு வருஷம் நிக்கும் சார்." அவளைத் திட்டி என்ன பயன். ஆனாலும் மனதுக்குள் திட்டினேன்.

வரும் வழியில் மல்லிகை இரண்டு முழம். ராத்திரி எல்லாவற்றையும் சொன்னேன். கவிதா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "முப்பத்தெட்டு வெள்ளியா? போன வாரம் வாங்குன நண்டே அதவிட கூட." பூவை ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுப் படுத்துவிட்டாள்.

மே 11, ஞாயிறு

பு.வ. (புது வங்கி) ஸ்டேட்மென்டை இன்றுதான் வரி விடாமல் படித்தேன். வட்டி இல்லாதது மாற்றிய கடனுக்கு மட்டும். அதே கார்டில் போட்ட பெட்ரோலுக்கு முதல் நாளிலிருந்தே வட்டி. மாற்றித் தந்ததற்கு ஆரம்பத்திலேயே ஒரு கட்டணமும் பிடித்திருக்கிறான். எழுத்து எறும்பு சைஸ்.

மத்தியானம் மச்சான் வந்தார், கவிதாவின் அண்ணன், சுபாங் ஜெயாவிலிருந்து. ஜனவரியில் கார்டை அடைக்க அவர்தான் கடன் தருகிறேன் என்றார். மாமியார் வீட்டுக் காசு வேண்டாம் என்று வீறாப்பாகச் சொன்னவன் நான். இன்று ரசம் சாதம் பிசைந்துகொண்டே, "பேங்க்காரன் சும்மா குடுப்பானா மாப்ள?" பற்றிக்கொண்டு வந்தது. என் வாய் நிறைய சோறு.

மே 14, புதன்

மழை. பெரிய மழை. கூட்டரசு நெடுஞ்சாலையில் வண்டி நகரவில்லை.

கடன் அதிகாரி: "ரிஜெக்ட் அங்கிள். சாரி." கடிதம் அனுப்பினேனே? "தொகை சின்னதுதான். ஆனா எத்தன மாசம் கட்டலன்னுதான் பாப்பாங்க."

காருக்குள்ளேயே அழுதேன். பக்கத்து லோரிக்காரர் பார்த்தார். பார்க்கட்டும்.

மே 16, வெள்ளி

வேலை முடிந்து வந்தால் வாசலில் மச்சான் கார். சாப்பாட்டு மேசை முழுக்கப் பேப்பர். கவிதா பள்ளிக்கூடப் புடவையைக்கூட மாற்றவில்லை. அவளுக்கு அரசாங்கச் சம்பளம், டீச்சர். வேறு வங்கியில் கேட்டாளாம், அண்ணனையும் சேர்த்தால் சரி என்றார்களாம். வீடு அவள் பேரிலும் அவர் பேரிலும்.

மச்சான் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். இன்று குத்தல்கூட இல்லை. அதுதான் தாங்கவில்லை. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தேன்.

"நான் எங்க கையெழுத்து போடணும்?"

கவிதா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "நீங்க எங்கயும் போட வேணாங்க. உங்க பேரு வந்தா கெடைக்காதாம்."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை.