பரோல் மனுவும் ஊசி போட்ட மறுநாளும்

பேட்டை,
14-7-2024

அன்புள்ள அத்தானுக்கு,

செல்வி எழுதுவது. உங்களுக்கு முன்னால் இதைப் பிரித்துப் படிக்கிற ஜெயில் ஐயாவுக்கும் ஒரு வணக்கம். புருஷன் பெண்டாட்டி சங்கதி ஏதாவது வந்தால் அவர் கண்ணை மூடிக்கொள்ளட்டும்.

போனில் பேசலாம்தான். ஆனால் அங்கே கொடுக்கிற கொஞ்ச நேரத்தையும் நீங்கள் அழுதே தீர்த்துவிடுகிறீர்கள். நான் ஆறுதல் சொல்லி முடிப்பதற்குள் லைன் போய்விடுகிறது. கடிதமென்றால் நீங்கள் குறுக்கே பேச முடியாது.

மார்பில் அறுத்தெடுத்த சனியன் இடுப்பெலும்பில் வந்து உட்கார்ந்துவிட்டது என்று நித்யா சொல்லியிருப்பாள். மகள் சொன்னது நிஜம்தான். இனிமேல் குணமாக்க வழியில்லை, வலியை வேண்டுமானால் குறைக்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். முகத்தைத் தொங்கப்போடாமல் மேலே படியுங்கள்.

வலிக்கு மார்ஃபின் மாத்திரை கொடுத்தார்கள். வலி போனது, கூடவே நானும் போய்விட்டேன். பெற்ற பிள்ளையைப் பார்த்து, "யாரு பிள்ளே நீ, இங்கன எதுக்கு நிக்கே?" என்று கேட்டேனாம். பாவம், நித்யா அடுப்படியில் போய் அழுதிருக்கிறாள். நாலைந்து நாளில் மயக்கம் தெளிந்து பழகிவிடும் என்று டாக்டர் சொன்னார். எனக்குப் பொறுமை இல்லை. நீங்கள் பரோலில் வருகிற நாளில் உங்களைப் பார்த்து யாரென்று கேட்டுவிட்டால் என்ன செய்வது? பட்டறைச் சண்டையில் ஒரு உயிர் போய் நீங்கள் உள்ளே போனதிலிருந்து இந்த நாலு வருஷமாக அந்த ஒரு நாளுக்காகத்தான் இருக்கிறேன். உங்கள் முகத்தைப் பார்க்கும்போது எனக்குப் புத்தி தெளிவாக இருக்க வேண்டும். அதனால் மாத்திரை வேண்டாமென்று சொல்லிவிட்டேன்.

அதற்குத்தான் மகேஸ்வரன் டாக்டர் ஒரு வழி சொன்னார். வண்ணார்பேட்டையில் நான் போகிற ஆஸ்பத்திரியில் வலிக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது, அதைப் பார்க்கிறவர். அக்குபஞ்சர் படித்திருக்கிறார். ஊசி என்றால் மருந்து ஏற்றுகிற ஊசி இல்லை, தலைமுடி கனத்தில் வெறும் கம்பி. நோய் இருக்கிற இடுப்பில் குத்தமாட்டார். முழங்காலுக்குக் கீழே, பாதத்தில், கையில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கிற சதையில் குத்திவிட்டுக் கொஞ்ச நேரம் படுக்க வைக்கிறார். குத்தின இடம் கனத்துக்கொண்டு வருகிறது. பீடி சுற்றிக் காய்த்துப்போன விரல், இதில் ஊசி இறங்குமா என்று கேட்டேன். சிரித்தார். "இது நோயைத் தொடாதும்மா, வலியைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும். உங்களுக்கு எவ்வளவு கேக்குதுன்னு போட்டுத்தான் பாக்கணும்" என்றார். ஒளிக்காமல் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

மனு எந்த அளவில் இருக்கிறது என்று எழுதுங்கள்.

உங்கள்,
இசக்கிச்செல்வி


மத்திய சிறை,
27-7-2024

என் செல்விக்கு,

மாரிராஜ் எழுதிக்கொண்டது. நான் அழுகிறேன் என்று ஐயாவுக்குத் தெரியும்படி எழுதிவிட்டாயே. அவர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுத்தான் கடிதத்தைக் கொடுத்தார்.

கம்பியால் குத்துகிறார்கள் என்று படித்ததும் தட்டைத் தள்ளி வைத்துவிட்டேன். பக்கத்துக் கொட்டடி குற்றாலலிங்கம் அண்ணாச்சி, தன் மச்சினிக்குத் தலைவலிக்கு அப்படிப் போட்டதாகச் சொன்னார். "வேற வேலையப் பாரும் வே, அது எறும்பு கடிச்ச மாதிரி கூட இருக்காது" என்றார். அதன் பிறகுதான் சோறு இறங்கியது. ஊசி உனக்குக் கேட்கிறதா? உள்ளதை எழுது.

பரோலுக்கு மனு போட்டுவிட்டேன். ஆஸ்பத்திரிக் காகிதத்தையும் சேர்த்திருக்கிறேன். உன் நிலைமை நிஜமாகவே கடுமையாக இருக்கிறதா என்று வீட்டுக்கு வந்து பார்த்து எழுதுவார்களாம். எப்போது வருவார்கள் என்று சொல்லமாட்டார்கள். அதை வைத்துத்தான் விடுவதும் விடாததும். வந்தால் கேட்டதற்குப் பதில் சொல்.

நித்யா கல்லூரிக்கு ஒழுங்காகப் போகட்டும். உன்னைச் சாக்காக வைத்து மட்டம் போடப் போகிறாள்.

உன்,
மாரிராஜ்


பேட்டை,
11-8-2024

அன்புள்ள அத்தானுக்கு,

நல்ல சேதி. விசாரிக்க ஆள் வந்துவிட்டுப் போய்விட்டார்.

நல்லவேளை, ஊசி போட்ட மறுநாள் வந்தார். மறுநாள் எனக்கு ராஜ நாள். ராத்திரி அசந்து தூங்கி, காலையில் சுவரைப் பிடிக்காமல் நடக்கிறேன். போன வாரம் பஸ்ஸில் பாலத்தைத் தாண்டும்போது ஜன்னல் வழியாக எட்டி ஆற்றைப் பார்த்தேன் என்றால் பாருங்களேன். மாத்திரையைப் போல ஒரேயடியாக வலியைத் துடைத்துவிடாது. அதட்டி ஓரமாக உட்கார வைக்கும். இரண்டு நாள் போனால் எழுந்து வந்துவிடும். எனக்கு அந்த இரண்டு நாளே பெரிது, புத்தி கலங்கவில்லையே.

வாசலில் பைக் நின்றதும் நித்யாவிடம் பேச்சுக் கொடுக்கச் சொல்லிவிட்டு, உள்ளே போய் நல்ல சேலையாகக் கட்டி, தலைசீவி, பவுடர் பூசிக்கொண்டு வந்தேன். ஜெயிலில் இருக்கிறவன் வீடு, சீக்காளி வீடு என்று ஒருத்தர் முகம் சுளித்துவிட்டுப் போகக் கூடாது பாருங்கள். கௌரவமான குடும்பம் என்று தெரிந்தால்தானே உங்களை நம்பி வெளியே விடுவார்கள்? காப்பியும் நானே போட்டேன், நித்யாவை விடவில்லை. வலி எப்படியிருக்கிறது என்று கேட்டார். "இருக்கத்தான் செய்யுது சார், தாங்கிக்கிடுதேன்" என்றேன். ஒரு டம்ளர் இன்னும் கேட்டு வாங்கிக் குடித்தார். வாசல்வரை போய் வழியனுப்பினேன். தங்கமான மனுஷன்.

தசராவுக்கு முன்னால் வந்துவிடுவீர்கள் என்று மனசு சொல்லுகிறது.

உங்கள்,
செல்வி


மத்திய சிறை,
1-9-2024

என் செல்விக்கு,

எப்படி எழுதுவதென்று தெரியாமல் மூன்று காகிதத்தைக் கிழித்துவிட்டேன்.

மனு தள்ளுபடி ஆகிவிட்டது. விசாரிக்க வந்தவர் எழுதியதைப் படித்துக் காட்டினார்கள். மனைவி நல்ல நிலையில் எழுந்து நடமாடுகிறார், சமையல் வேலைகளைத் தாமே செய்கிறார், உயிருக்கு உடனடி ஆபத்து இருப்பதாகத் தெரியவில்லை. ஆஸ்பத்திரிக் காகிதத்தைவிட நேரில் கண்டதைத்தான் பெரிதாக எடுத்துக்கொண்டார்கள்.

அவர் பொய் எழுதவில்லை செல்வி. கண்ணால் பார்த்ததைத்தான் எழுதியிருக்கிறார். நீயும் தப்பு செய்யவில்லை. வீட்டுக்கு வந்தவருக்குக் காப்பி கொடுப்பது தப்பா? காப்பியைக் கொஞ்சம் மட்டமாகப் போட்டிருக்கலாம், அவ்வளவுதான்.

திரும்ப மனு போட்டிருக்கிறேன். மறுபடியும் ஆள் வரும். இந்தத் தடவை நீ படுத்தே இரு. நித்யா பேசிக்கொள்ளட்டும்.

உன்,
மாரிராஜ்


பேட்டை,
12-9-2024

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு என் தலையில் நானே அடித்துக்கொண்டேன். வர இருந்த உங்களை நானே திருப்பி அனுப்பியிருக்கிறேன். பவுடர் பூசினேன் பாருங்கள், என் மூஞ்சிக்குப் பவுடர் ஒன்றுதான் குறைச்சல்.

படுத்திரு என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு நடிக்க வராது அத்தான். நீங்கள் குலசேகரன்பட்டினம் தசராவுக்கு வேஷம் கட்டிப் போகிறவர், உங்களுக்கு வரும். வலி குறைந்திருக்கிற நாளில் என் முகம் என் பேச்சைக் கேட்காது, சிரித்துவிடும். அதனால் ஊசியை நிறுத்திவிட்டேன். விசாரிக்கிற ஆள் வந்து பார்க்கிறவரைக்கும் ஊசியும் கிடையாது, மாத்திரையும் கிடையாது. உள்ள வலி உள்ளபடி தெரியட்டும்.

டாக்டர் நித்யாவின் போனுக்கு இரண்டு தரம் கூப்பிட்டுவிட்டார். எனக்குக் காய்ச்சல் என்று சொல்லச் சொன்னேன். பிள்ளைக்குப் பொய் சொல்ல வரவில்லை, எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டாள். அவர், "ஊசியால கிடைக்கிற தெளிச்சல் ரெண்டு நாளைக்குத்தான்னு நான் எழுதித் தாரேன், அம்மாவை வரச் சொல்லு" என்றாராம். ஆஸ்பத்திரிக் காகிதம் போன தடவையும் போனதுதானே. என்ன ஆயிற்று? அவர்கள் கண்ணால் பார்க்கட்டும்.

தெருவில் பைக் சத்தம் கேட்டால் நிமிர்ந்து உட்காருகிறேன். எல்லாம் பக்கத்துப் பட்டறைக்குப் போகிற வண்டி.

உங்கள்,
செல்வி


மத்திய சிறை,
19-9-2024

செல்வி,

ஏட்டி, உனக்கு என்ன கிறுக்கா? இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்கே டாக்டரிடம் போ. நான் வருவதும் வராததும் பிறகு. நீ வலியில் துடித்துத்தான் என் முகத்தைப் பார்க்க வேண்டுமா? அப்படியொரு முகம் எனக்கு இல்லை.

நான் பக்கத்தில் இருந்தால் தூக்கிக்கொண்டு போய்விடுவேன். இங்கே கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், ஒன்றும் செய்ய முடியவில்லை. இப்போது ஐயாவும் சிரிக்கவில்லை. உடனே பதில் எழுது. போனேன் என்று எழுது.

மாரிராஜ்


பேட்டை,
26-9-2024

அன்புள்ள அத்தானுக்கு,

பேனா பிடிக்க முடியவில்லை. நித்யா எழுதுகிறாள். ஆள் இன்னும் வரவில்லை. இத்தனை நாள் பொறுத்துவிட்டு இப்போது போய் ஊசி போட்டால், மறுநாளே வந்து நிற்பார், என் ராசி அப்படி. திட்டாதீர்கள். இன்னும் கொஞ்சம்தான். நீங்கள் வந்த பிறகு நீங்களே கூட்டிப் போங்கள். எத்தனை ஊசி வேண்டுமானாலும் போட்டுக்கொள்கிறேன்.

செல்வி

அப்பா, இது நான் சேர்த்து எழுதுவது. அம்மா தூங்கி ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது. சத்தம் வெளியே கேட்காமலிருக்கத் துண்டை வாயில் வைத்துக் கடித்துக்கொள்கிறாள். டாக்டர் வீட்டுக்கே வருகிறேன் என்று சொன்னார். வந்தால் கதவைத் திறக்காதே என்கிறாள். நான் சொல்லிக் கேட்கவில்லை. நீங்கள்தான் ஏதாவது செய்ய வேண்டும்.
நித்யா


மத்திய சிறை,
5-10-2024

என் அன்பான செல்விக்கு,

நித்யா எழுதியதைப் படித்தேன். அன்றைக்கே ஐயாவிடம் காகிதம் கேட்டு வாங்கி, என் பரோல் மனு வேண்டாம், ரத்து செய்துவிடுங்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். யோசித்துச் சொல் மாரிராஜ் என்று அவர் இரண்டு நாள் அதைக் கையிலேயே வைத்திருந்தார். யோசித்துத்தான் கொடுத்தேன் என்றேன். இன்று அனுப்பிவிட்டார்கள். உள்ளே இருக்கிறவன் உனக்காகச் செய்ய முடிகிறது இந்த ஒன்றுதான்.

அதனால் இனி யாரும் விசாரிக்க வரமாட்டார்கள். நீ யாருக்கும் எதையும் காட்ட வேண்டியதில்லை. டாக்டர் வந்தால் கதவைத் திற. நித்யா, அம்மா கேட்காவிட்டால் நீ திற, அப்பா சொன்னேன் என்று சொல்.

எனக்கு உன்மேல் கோபம் இல்லை. இப்படி ஒருத்தி எனக்காக வலியைச் சேர்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளே. நான் அவ்வளவு பெரிய ஆள் இல்லை செல்வி. நீ என்மேல் கோபப்படு, எவ்வளவு வேண்டுமானாலும் படு. வலி இல்லாமல் படு.

முதலில் ஊசியைப் போட்டுப் பார். அதற்கு அடங்கினால் நல்லது. அடங்காவிட்டால் மாத்திரையையும் போடு. புத்தி மயங்கட்டும், என் முகம் மறந்து போகட்டும், ஒன்றும் குறைந்துபோகாது. நான் வரவில்லை. நீ தூங்கு.

உன்,
மாரிராஜ்